பேரிக்காய் மரப்பிடி

ஷெஃபீல்ட்
12 அக்டோபர் 1993

அன்புள்ள லின்சிக்கு,

உன் மாமியார் உனக்கு எழுதும் முதல் கடிதம். வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். ஏன் என்று நீயே அறிவாய்.

இங்கே ஒரு வாரமாக மழை. இடுப்பு வலி அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை கிளைவ் காரோடு வருகிறான், செத்துப்போன தன் அப்பாவின் கத்திப் பெட்டிகளை எடுத்துப்போக. நாற்பத்தொரு கத்திகள். நூறு வருடத்துக்கு முன் கையால் இழைத்த மரப்பிடிகள். உன் மாமனார் ஹெட்லி சந்தை சந்தையாக அலைந்து சேர்த்தார். ஞாயிறு காலையில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார், அத்தனை மென்மையாக. மதியம் அதே கை என் தலைமுடியைப் பிடிக்கும்.

"தண்ணில போட்ட, தொலைஞ்ச. அலகைப் பிடிக்குள்ள அரக்கு வச்சு ஒட்டியிருக்குடி. சுடுதண்ணி பட்டா இளகிடும்" என்பார்.

ஒருமுறை மறந்துவிட்டேன். இறைச்சி அறுக்கும் பெரிய கத்தி, பேரிக்காய் மரப்பிடி. பாத்திரங்களோடு வெந்நீரில் கிடந்துவிட்டது. துடைத்து வைத்தேன். சொல்லவில்லை. அந்த ஞாயிறு ஆட்டுக்கால் சற்றுக் கருகியிருந்தது. அறுத்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பிக் கத்தியை உருவினார். பிடி மட்டும் கையோடு வந்தது. அலகு இறைச்சியிலேயே நின்றது.

கிளைவ் சிரித்துவிட்டான். எட்டு வயது. "அப்பா, கத்தி உங்க பேச்சக் கேக்கல!"

அந்தப் பிடியாலேயே அவன் முகத்தில் அடித்தார். புருவத் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்தது என்று உன்னிடம் சொல்லியிருப்பான். மூன்றாவது அடிக்குக் குறுக்கே போனேன். முதல் இரண்டுக்குப் போகவில்லை.

ஆகஸ்டில், அவ்வளவு வெயிலில், கழுத்தில் துணி கட்டி வந்தாய். முடிச்சு இடப்பக்கம். நானும் அப்படித்தான் கட்டுவேன். கூடத்தில் அவன் உன்னிடம் சொன்னது கேட்டது: "அம்மாகிட்ட வாயத் திறந்த, வீட்டுக்குப் போய் இருக்கு உனக்கு." குரல்கூட அவருடையது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தேன்.

கத்திகளைத் தரமாட்டேன் என்று போனில் சொன்னேன். "நானே எடுத்துக்கறேம்மா. நடுவுல மட்டும் நிக்காத" என்றான்.

மூன்று நாளாக நாற்பத்தொன்றையும் வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, பெட்டியில் அடுக்குகிறேன். பார்த்தால் தெரியாது. இழுத்தால் பிடி மட்டும் வரும். ஆனால் அதில் உனக்குக் கிடைப்பது ஒரு நொடிதான், லின்சி. அதன்பிறகும் அவன் கையில் பிடி இருக்கும்.

சனிக்கிழமை அங்கிருந்து பத்து மணிக்குக் கிளம்புவான். தேநீர், கேக், பெட்டி கட்டுவது என்று நான்கு மணிவரை இங்கே நிறுத்திவைக்கிறேன். அதற்குள் போய்விடு. எங்கே என்று எனக்கு எழுதாதே. அவன் கேட்டால் சொல்லிவிடுவேன். அவன் என் பிள்ளை.

அந்தத் துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போ. உன் கழுத்தில் காற்றுப் படட்டும்.

இப்படிக்கு,
டோரீன்