உனக்காக நான் சொன்ன பதில்

என் அன்பு மச்சான் றிஸ்விக்கு, அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்கி வைப்பானாக.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். வீட்டில் சொன்னால் உன் பொஞ்சாதி அழத் தொடங்கிவிடுவாள். என் தங்கச்சியை எனக்குத் தெரியாதா? அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

ஆலங்குடாப் பக்கம் நாம் வேலை செய்த அதே ஷெட்டில்தான் இருக்கிறேன். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிளேனிலிருந்து குதிக்க வருகிறவர்களின் பரசூட்டை இன்னும் நான்தான் மடிக்கிறேன். நீ மௌத்தாகி எட்டு மாதம். உன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. மடிக்க ஒராளே காணும், இன்னொராள் வீண் செலவு என்கிறார் முதலாளி.

மடிக்கும்போது நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன்: துணி, கயிறு, வளையம், தையல், கடைசியாகச் சின்னப் பரசூட்டின் பச்சை. நீ தடவிப் பார்த்து, மணலை ஊதிவிட்டு, "பாத்தேன்" என்பாய். உப்புப் பிடித்த கயிற்றை எத்தனை தரம் திரும்பக் கழுவ வைத்திருப்பாய், சந்தேகப் பிராணி! நீ போன பிறகும் நான் சத்தமாகத்தான் சொல்கிறேன். உன் "பாத்தேன்" என்பதையும் நானே சொல்லிக்கொள்வேன். சொன்னால் நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

போன சனிக்கிழமை உன் மகள் ஸஹ்லா குதிக்க வந்தாள். "வாப்பா இத்தின வருஷம் மடிச்சது என்னத்துக்கெண்டு ஒருக்காச் சரி பாக்கோணும் மாமா" என்றாள். பட்டியெல்லாம் கட்டி ஏறியும் விட்டாள். பிளேன் இரையத் தொடங்கியபோதுதான் எனக்கு அந்தப் பச்சை ஞாபகம் வந்தது.

உனக்குத் தெரியாததா? இரண்டு பேர் விழும் வேகத்தைக் குறைக்க முதலில் வருமே அந்தச் சின்னப் பரசூட், அதன் நடுக்கயிற்றை மடிக்கிற ஒவ்வொரு முறையும் இழுத்து வைக்க வேண்டும். இழுத்திருந்தால் அதன் பட்டியிலுள்ள ஓட்டையில் அந்தக் கயிற்றின் பச்சை நிறம் தெரியும். இழுக்காவிட்டால் அது விரியாது, பெரிய பரசூட்டையும் இழுத்துத் திறக்காது. நான் பச்சையைப் பார்த்தேனா? "பாத்தேன்" என்று சொன்னது நினைவிருந்தது. பார்த்தது நினைவில்லை.

ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு பிளேனுக்கு முன்னால் நின்றேன். பைலட் சிங்களத்தில் ஏசினான். எல்லாரையும் இறக்கிப் பையைத் திறந்தோம். பச்சை இல்லை மச்சான்.

"ரிசேர்வ் இருக்குத்தானே" என்றார் முதலாளி. மாற்றுப் பரசூட் இருக்கிறதுதான். அதை நம்பியா உன் பிள்ளையை மேலே அனுப்புவது?

ஸஹ்லாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். பட்டியைக் கழற்றாமலே கேட்டாள்: "மத்த ஆக்களுக்கும் இப்பிடித்தான் பாத்தீங்களா மாமா?"

எட்டு மாதமாக எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்! இறங்கி வந்து, படம் எடுத்து, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் உண்மையில் பார்த்தேனா?

முதலாளியிடம் சொல்லிவிட்டேன், இன்னொராள் வந்து தன் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை ஒரு பையையும் மூடமாட்டேன் என்று. வேலை போனால் போகட்டும். உன் பதிலை இனி நான் சொல்லமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. உன்னைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன். நீ மௌத்தாகிவிட்டாய் மச்சான். இன்றைக்குத்தான் அதை ஒப்புக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
ஸஹ்லாவின் மாமா,
நஸார்