அதே கோட்டின் மேல்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது, காரணம் சொல்கிறேன். நேற்று உன் பெரியப்பா ஆலையில் கூட்டம். கீறினால் தானே ஆறிக்கொள்ளும் பூச்சு என்று நீ ராப்பகலாகச் செய்தாயே, அதைத் தன் மகன் கண்டுபிடித்ததாகச் சொல்லி கார் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார். உன் பெயர் பேச்சுக்குக்கூட வரவில்லை. நான் எழுந்தே விட்டேன், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, சும்மா இரு, அவரு எங்க அண்ணன் என்றார். சும்மாதான் இருந்தேன். மேடையில் பூச்சு பூசிய கார் கதவு ஒன்றை நிறுத்தி, குடும்பத்துல இருந்தே ஆரம்பிக்கலாம், நீ வந்து கீறிப் பாரும்மா என்று அவரேதான் கூப்பிட்டார்.

சாவியால் ஒரு கோடு இழுத்தேன். சூடான விளக்கைக் காட்டினார்கள், ஒரு டீ குடிப்பதற்குள் கோடு மறைந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பூச்சுக்குள் இருக்கும் குட்டிக் குமிழ்கள் உடைந்து மருந்து கசிந்துதான் கீறல் ஆறும், ஒரு இடத்தில் மருந்து தீர்ந்தால் அங்கே மறுபடி ஆறாது என்று நீ சமையலறையில் உட்கார்ந்து சொன்னது எனக்கு மறக்குமா? அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று நீ குதித்துக்கொண்டு வந்த வாரம்தானே உன்னை வெளியே அனுப்பி, உன் நாற்காலியில் தன் மகனை உட்கார வைத்தார். அந்த வழி அவர்களிடம் இல்லை. அதே கோட்டின் மேல் இன்னொரு முறை இழுத்தேன். மறுபடி விளக்கைக் காட்டிக் காத்திருந்தார்கள். இன்னொரு டீயும் வந்தது. கோடு அப்படியே இருந்தது. உன் பெரியப்பா மகன் முகத்தில் ஈயாடவில்லை. இதைச் செஞ்சவ என் பொண்ணு, மிச்சத்தை அவகிட்ட கேளுங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பாவம் என்று அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

இன்று விடிந்ததும் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், உன் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா என்று கெஞ்சினார், காபி கொடுத்து அனுப்பினேன். உனக்குப் போன் செய்வார், அழுவார், அப்பாவும் சிபாரிசுக்கு வருவார். நீ இளகிய மனசுக்காரி. முதல் தடவை ஆலைக் காகிதத்தில் உன் பெயரை விட்டுவிட்டு டைப்பிங் தப்பு என்றார், நீயும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாய். இது இரண்டாவது தடவை.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அவர் போனை எடுக்காதே. நான் கீறியது ஆலையில் உன் அறைச் சாவியால்தான், உன்னை அனுப்பியபோது திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
அம்மா