மொத்தம் எவ்வளவு, வளர்மதி?

என் வளருக்கு,

நீ போன பிறகு கரும்பு வெட்டு முடிந்து, வெட்டிய தூரில் துளிர்த்த மறுதாம்பும் முழங்கால் உயரம் வந்துவிட்டது. உன் பழைய ரவிக்கைத் துணியில் நீ தைத்த எழுத்துக்கட்டைப் பை அப்படியே இருக்கிறது. அதில் கையை விட்டால் உனக்கும் சேர்த்தே கட்டை எடுக்கிறேன். இந்த வீட்டுக்கு எனக்குப் பின்னால் வந்தவள், எனக்கு முன்னால் போகலாமாடி?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நீ என் கொழுந்தனார் மனைவி, என் ஓரகத்தி. உன் சீர்வரிசைப் பாத்திரங்களோடு, உன் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த ஸ்கிராபிள் பெட்டியும் கச்சிராயபாளையத்துக்கு வந்து இறங்கியது. ஆங்கில எழுத்துக்கட்டைகளைப் பலகையில் கோத்துச் சொல் கட்ட வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளி உண்டு; சொல் ஓரத்துச் சிவப்புக் கட்டத்தைத் தொட்டால் புள்ளி மூன்று மடங்கு. விதிகள் எழுதிய தாள் மட்டும் பெட்டியில் இல்லை.

நம் மாமியார் பெட்டியைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"ரெண்டு மருமவளுங்களும் எதிரெதிரா ஒக்காந்து போட்டி போட்டுக்கினு இருந்தா வூடு உருப்படுமா? சேந்து ஆடறதுன்னா ஆடுங்க."

அதையே விதியாக்கிக்கொண்டோம். இருவர் புள்ளிகளையும் கூட்டி, நேற்றைய மொத்தத்தை இன்று தாண்ட வேண்டும். நீ எனக்குச் சிவப்புக் கட்டம் எட்டும்படி எழுத்து வைத்து வழி திறந்துவிடுவாய், நான் உனக்கு. உலகமே இப்படித்தான் ஆடுகிறது என்று நினைத்திருந்தோம், இரண்டு பைத்தியங்களும்! நம் இங்கிலீஷ் எல்லாம் உரமூட்டையில் படித்தது. யூரியா, பொட்டாஷ், ஜிங்க். ஜிங்க் வைத்த அன்றைக்கு நீ குதித்த குதியில் அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்தது.

கள்ளக்குறிச்சியில் துணிக்கடை பாய் ஒருவர் போட்டி வைப்பதாகவும், ஜெயிப்பவரைச் சென்னைப் போட்டிக்கு அனுப்புவதாகவும் கேள்விப்பட்டதிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த வூட்டுல எல்லாருக்கும் நான் சின்னவதான்க்கா. மெட்ராஸ்ல ஒரு தடவ மைக்குல என் பேரச் சொல்லிக் கூப்ட்டா போதும்" என்றாய்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு வழியாகவே நடந்தோம். சாலையைக் கடக்கும் இடத்தில் மறியல் ஆட்கள் நிறுத்தினார்கள்.

"எங்க போறீங்க?"

"கள்ளக்குறிச்சிக்கு. இங்கிலீஷ் வார்த்த வெளாட்டு" என்றாய்.

"ஊரே பத்திக்கினு எரியுது, இப்ப இன்னா வெளாட்டு ஒங்களுக்கு?"

"நீங்க கேக்கற கோட்டா கெடச்சி உத்தியோகத்துக்குப் போனா இங்கிலீஷ் வேணாமாங்க? அதுக்குத்தான் நாங்க முன்னாடியே போய்க்கினு இருக்கோம்!"

சிரித்துவிட்டு, கிளையைத் தூக்கி வழி விட்டார்கள். உன் வாய்க்கு எந்த மரம்தான் குறுக்கே நிற்கும்?

சாலை மறியலால் வெளியூர் ஆட்கள் யாரும் வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கேதான் பாய் விதியைச் சொன்னார். "அவங்கவங்க கணக்கு அவங்கவங்களுக்குங்க. எதிராளிக்கு எடம் விடாம அடைக்கணும்." நான் திருதிருவென்று முழித்தேன். நீ என் கையைக் கிள்ளினாய். எப்படியோ தட்டுத்தடுமாறி எல்லாரையும் தாண்டினோம். கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்தது நீயும் நானும்தான்.

கடைசி வரை நீ முன்னால் இருந்தாய். என் கையில் க்யூ, யூ, ஓ, ஏ. வைக்க இடமில்லை. அப்போது நீ ஓரத்து வரிசையில், சிவப்புக் கட்டத்துக்குச் சரியான தூரத்தில் ஒரு டி எழுத்தை இறக்கினாய். அந்த டி-யையும் சேர்த்து, வழியெல்லாம் நாம் கேட்டுவந்த அதே 'கோட்டா'வை வைத்தேன். மூன்று மடங்கு. நான் ஜெயித்தேன். முதலில் கைதட்டியவள் நீ.

சென்னை மண்டபத்தில் மைக்கில் "அஞ்சலை, கச்சிராயபாளையம்" என்று என் பேரைக் கூப்பிட்டபோது தலையைக் குனிந்துகொண்டே போனேன். அது உனக்குரிய மைக். எல்லா ஆட்டத்திலும் தோற்றேன். "எதிராளிக்கு ஏன்மா கதவத் திறந்து திறந்து விடறீங்க?" என்று ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த டி-யை நீ பழக்கதோஷத்தில் வைத்தாயா, தெரிந்தேதான் வைத்தாயா?

பிறகு எத்தனையோ போட்டிகளுக்குப் போனேன். அடைக்கவும் கற்றுக்கொண்டேன். வயல், பிள்ளைகள் என்று காரணம் சொல்லி நீ வரவே இல்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் சேலம் ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி ஊட்டும்போதுதான் கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். "அது கெடக்குதுக்கா. அன்னிக்கி நம்ம மொத்தம் எவ்ளோ?"

எனக்குத் தெரியவில்லை, வளரு. அன்றைக்கு இரண்டு கணக்கையும் யாருமே கூட்டவில்லை. நானும் கூட்டவில்லை. அந்தப் பதில் இல்லாமலே நீ போய்விட்டாய்.

கள்ளக்குறிச்சி இப்போது மாவட்டத் தலைநகரம். வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போட்டி. பழைய ஆட்டக்காரி என்று என்னைத் தொடங்கிவைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைக் என் கையில் இருக்கும். முதலில் "வளர்மதி, கச்சிராயபாளையம்" என்று கூப்பிடுவேன். யார் அது என்று திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அப்புறம் ஆட உட்காருவேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிவப்புக் கட்டத்தை அடைக்க மாட்டேன். எதிரில் யார் இருந்தாலும், ஆட்டம் முடிந்ததும் இரண்டு கணக்கையும் கூட்டி, மொத்தத்தை உனக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்வேன்.

என்றும் உன் பக்கமே ஆடுகிற,
உன் அக்கா, பெரிய மருமகள்
அஞ்சலை