மச்சான் பிடித்த கயிறு

என் அருமை அப்பாவுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உங்கள் அந்தமான் சிறை நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளை நான் கிழித்து எரித்துவிட்டதாகக் கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். புகுந்த வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறாளாம் கிழவி. நான் கிழிக்கவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். புத்தகத்தின் ஓரத்தை மடிப்பதுகூட எனக்குப் பிடிக்காது. எல்லாத் தாளும் என் பீரோவில், சேலைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தாள் வேண்டாம் என்பவர்கள் வேறு ஆட்கள்.

உங்களுக்கு இங்கே விழா எடுக்கிறார்கள், அப்பா. நீங்கள் தீவிலிருந்து திரும்பியபோது டீக்கடையில் உங்கள் பக்கத்தில் உட்காரப் பயந்தவர்களின் பேரன்மார், உங்கள் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். நாட்குறிப்பையும் புத்தகமாகப் போடுகிறார்கள்; உங்கள் கையெழுத்துத் தாள்களை விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டப்போகிறார்களாம். விழாக்குழுச் செயலாளர் வேறு யாருமில்லை, என் கொழுந்தன் மகன் செல்வின்தான். என் வீட்டிலேயே உட்கார்ந்து படியெடுத்துப் போனவன், அச்சுக்குப் போகும் பிரதியைக் கொண்டுவந்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

உங்கள் வழக்கைப் பற்றிய பக்கத்தில் நிறுத்தினேன். படகில் சங்குக் குவியலுக்கு அடியில் நீங்கள் வெள்ளைக்காரனுக்கு எதிரான துண்டுப் பிரசுரம் ஒளித்துக் கொண்டுவந்ததைப் போலீசில் சொன்னது யார் என்று உங்கள் பென்சில் தெளிவாக எழுதியிருக்கிறது: ‘என் மச்சான்.’ அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பிரதியில் அவர் ‘கயிறு பிடிக்க வந்த வெளியூர்க் கூலியாள்’ ஆகியிருந்தார்.

“ஏலே, நீ இந்தக் கரையிலதான பொறந்த? கூலிக்காரன் கையில உசுரக் குடுத்துட்டு எவம்ல கடலுக்குள்ள எறங்குவான்?” என்று கேட்டேன்.

“விழாவுக்கு மெட்ராஸ்ல இருந்துல்லாம் ஆளு வாரான் பெரியம்மா. அவனுவளுக்குக் கயித்தப் பத்தி என்ன தெரியும்?”

அதுவும் சரிதான். இப்போது சங்கு குளிக்கிறவர்கள் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள்; மேலே மோட்டார் ஓடுகிறது. உங்கள் காலத்தில் காலுக்குக் கல்லும் இடுப்புக்குக் கயிறும்தானே. அந்தக் கயிற்றை மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று இந்தக் கரை நம்பியது. கூலியாள் என்று எழுதினால் அது பொய் என்று இங்கே கல்லும் சொல்லும்.

செல்வின் குரலைத் தாழ்த்தினான். “ஒரு வரிதான? மாத்துனா என்ன கொறஞ்சிரும்? செத்த தாத்தாவ எதுக்குச் சந்திக்கு இழுக்கிய? அவிய ஒங்களுக்கு மாமனாருல்லா?”

ஆமாம், மாமனார்தான். என் வழக்கே அதுதானே, அப்பா.

தீவில் நீங்கள் எழுதிய கடைசிப் பக்கத்தை அவர்கள் முழுதாகவே நீக்கிவிட்டார்கள். ‘ஊர் திரும்பினால் கயிற்றை மறுபடி அவன் கையில்தான் கொடுப்பேன். என் பாரத்தை அவன் தாங்கட்டும்.’ எழுதியபடியே செய்தீர்கள். நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும்வரை மாமா கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார் என்று படகில் போனவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் படகில் அவரைத் தவிர எல்லோரும் பேசிச் சிரிப்பார்களாம்.

பிறகு என்னையும் அவர் மகனுக்கே கட்டிக்கொடுத்தீர்கள். முறைமாப்பிள்ளை என்று ஊர் வாழ்த்தியது. அந்த வீட்டில் மாமா ஒருநாளும் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நான் போட்ட சோற்றைத் தலைகுனிந்தே சாப்பிட்டார். என் கணவர் நல்லவர். உங்கள் சிறையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். அவர் சாகும்வரை நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொள்ளவே இல்லை.

நீங்கள் என்னைக் கொடுத்தது மன்னிப்பா? இல்லை, நானும் அவர் கையில் நீங்கள் கொடுத்த இன்னொரு கயிறா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. உங்களைக் கேட்பாரில்லாமல் கடல் கடத்தினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிய உங்களுக்கு, உங்கள் மகளைக் கேட்க ஏன் தோன்றவில்லை?

மாமாவை அவமானப்படுத்த எனக்கு ஆசையில்லை. அவர் பட்டது போதும். ஆனால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் நீங்கள் வெறும் படம்தான், மாலை போட்ட படம். நான் எதற்காக அந்த வீட்டில் வாழ்ந்தேன் என்பதற்கு வேறு சாட்சியும் இல்லை.

ஆகவே உங்களுக்கு வாக்குத் தருகிறேன். எழுதியது எழுதியபடி அச்சில் ஏறாவிட்டால், உங்கள் கையெழுத்துப் பிரதி என் பீரோவை விட்டு வெளியே வராது. விழாவன்று அவர்களுடைய கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கட்டும். உங்கள் மேல் எனக்குள்ள கோபம் வேறு. அதை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

விழாக்குழுவினருக்கு (இந்தக் கடிதத்தின் நகல் செல்வின் கையில் வரும்): போனில் கூப்பிட வேண்டாம், சமாதானத்துக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். அந்த வரியும் அந்தப் பக்கமும் உள்ளபடியே வருமா, வராதா? எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் மகள், உங்கள் மச்சானின் மருமகள்,
மரிய புஷ்பம்
தூத்துக்குடி