அப்பா நிறுத்திய இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சௌக்கியம்தானே? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே அறையில் ஒரு பஞ்சாயத்து. விண்வெளித் தொடர்களுக்கு எந்த ஓடிடி சிறந்ததோ, அதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று பேச்சு. “பழசெல்லாம் இதுலதான் இருக்கு” என்றார் வெல்டர் அண்ணன். “புதுசு அதுலதானே வருது” என்றான் எலக்ட்ரீஷியன். நான் மூன்றாவதற்கு மல்லுக்கட்டி ஜெயித்தேன். தமிழில் பேசுகிறது என்று காரணம் சொன்னேன். உண்மையில், அதில்தான் நீங்களும் நானும் ஒரே கணக்கில் பார்க்கிறோம். நீங்கள் நிறுத்தும் இடம் என் திரையிலும் தெரியும்.

நாம் பார்க்கும் தொடரில், விண்கலத்தின் கதவை வெளியிலிருந்து தட்டுவது யார் என்று மண்டை குடைகிறது. நீங்கள் ஒரு வாரமாக அங்கேயே நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களை முந்த மனமில்லாமல் நானும் நிற்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பார்க்காவிட்டாலும் பரவாயில்லை அப்பா, இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

உங்கள் மகன்