படகுக்கு அடியால் போன அலை

என் உயிரான வாப்பா,

உங்களை மையவாடியில் அடக்கி ஏழு மாதமாகிவிட்டது. நேரே சொல்லியிருக்க வேண்டியதைப் பிந்தி எழுதுகிறேன். நம் ஊர் சாய்ந்தமருதில் உங்களைப் போலவே மனதுக்குள் குமைந்துகொண்டிருக்கும் கடல்காரர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆழ்கடலில் நின்றீர்கள். நான் கரையிலிருந்து தூரத்தில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் கரைக்கு வந்தபோது உம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை, வீடும் இல்லை. "அந்த நேரம் நான் பாணும் வாழைப்பழமும் திண்டுட்டிருந்தன், மகள். அது எனக்குக் கீழால போயிருக்கு. எனக்குத் தெரியல்லயே" என்று ஒரே ஒருமுறை சொன்னீர்கள். அதுக்கு மறுகா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சாச்சி திறந்தா. உம்மாவின் ஒரே தங்கச்சி, அவவுக்கும் தாங்க முடியாத துக்கம். "இத்தன வருஷம் கடல்ல கிடந்த மனிசனுக்கு ஒண்டும் வெளங்கல்லயாம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னா. கடைசிவரை உங்களோடு கதைக்கவே இல்லை. நீங்களும் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் வாப்பா? அது உண்மை என்றா நினைத்தீர்கள்?

போன மாதம் நான் படிக்கும் கடலியல் வகுப்பின் பயிற்சியில், வேறொரு கடலில் நடந்த பழைய நிலநடுக்கம் ஒன்றைத் தந்து, அதில் சுனாமி பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நடுக்கடலின் தரையில் கருவிகள் இறக்கியிருக்கிறார்கள். மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் கூடினாலும் குறைந்தாலும் அவை பதிந்துவிடும். நிலம் அதிர்ந்த நேரம் தெரியும், அலை கருவிக்கு வந்த நேரமும் தெரியும். கடலின் ஆழம் தெரிந்தால் அலையின் வேகமும் தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கருவியிலிருந்தும் அலையை வந்த வழியே கணக்கில் திருப்பி அனுப்பலாம். ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு வளைகோடு தரும். அந்தக் கோடுகள் சேர்ந்து வளைக்கும் இடத்தில்தான் கடல்தரை புரண்டிருக்கும்.

என் கோடுகளில் ஒன்று மட்டும் விலகியே நின்றது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஓரிடத்தின் ஆழத்தைப் பிழையாக எடுத்திருந்தேன். திருத்தியதும் வந்து சேர்ந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் என் கண் கருவியின் பதிவில் போய் நின்றது. கரையில் ஆள் உயரத்துக்கு மேல் ஏறிய அதே அலை, நடுக்கடலில் ஒரு முழம்கூட உயரவில்லை. அதுவும் நிமிடக் கணக்கில், மெல்ல மெல்ல. படகில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும், வாப்பா?

அந்தப் பதிவு அச்சான தாளை எடுத்துக்கொண்டு சாச்சியிடம் போனேன்.

"இவ்வளவுதானா உயந்திச்சி?"

"ஓம் சாச்சி."

"படகில இருந்தா வெளங்காதா?"

"ஆழ்கடல்ல எந்தச் சுனாமியும் இப்பிடித்தான், ஆருக்கும் வெளங்காது. கருவிக்குத்தான் வெளங்கும். அண்டைக்கி நம்மட பக்கத்துக் கடல்ல அப்பிடிக் கருவி ஒண்டும் இருக்கல்ல."

சாச்சி தாளை மடியில் வைத்து, அந்தக் கோட்டை விரலால் தடவினா. "அப்ப அந்த மனிசன நான் சும்மாவா இவ்வளவு காலமும்..." முடிக்கவில்லை. முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டா. "மாப்புக் கேக்க ஆளில்லையே புள்ள" என்றா.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சாச்சி எழுந்து போய்த் தொழுதா. அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்கள் பெயர் சொல்லி துஆக் கேட்கிறா. நீங்கள் இருக்கும்போதே நான் இதைப் படித்து முடித்திருக்கக் கூடாதா?

அழுது முடித்துவிட்டேன், வாப்பா. சுனாமி எச்சரிக்கை நிலையத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நிலம் அதிர்ந்ததும் கருவிகளின் முதல் பதிவுகளை வாங்கி, கோடு கீறி, கடல் எங்கே புரண்டது, எந்தக் கரைக்கு எப்போது வரும் என்று சொல்லும் வேலை. இந்த முறை கிடைக்காவிட்டால் திரும்பவும் எழுதுவேன், கிடைக்கும்வரை எழுதுவேன். இனி ஒரு மனிசன் ஒன்றும் அறியாமல் ஆழ்கடலில் நிற்கும்போது, கரையில் இருக்கும் அவர் பெண்சாதி பிள்ளைகளுக்கு நான் முந்திச் சொல்லுவேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் கபுறு வெளிச்சமாக இருக்க துஆக் கேட்கும்
உங்கள் மகள்,
றிஸ்மியா