லேப் இல்லாத குரூப்

ஜூன் 2, 2003. திங்கள்.

பிளஸ் ஒன் சேர்ந்தாகிவிட்டது. மாட்டு டாக்டருக்குப் படிக்க ஃபர்ஸ்ட் குரூப் கேட்கத்தான் அப்பாவோடு ஜெயங்கொண்டம் போனேன். என் மார்க்கைப் பார்த்த ஹெட்மாஸ்டர், "தாராளமா தரலாங்க" என்றார்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "பொம்பளப்புள்ள எத்தன மணிக்குங்க வெளிய வரும்?"

"லேப் இருக்குற அன்னிக்கு அஞ்சரை ஆவும்."

எங்கள் ஊருக்கு டவுன் பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது.

"அப்ப லேப் இல்லாத குரூப்பே போட்டுடுங்க சார்."

வரலாறு குரூப் போட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

திரும்பி வர பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஐந்து மணி பஸ் ஏழு மணிக்குத்தான் வந்தது. அப்பா ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டார். ஊர் வரைக்கும் வழியிலிருந்த முந்திரிக்காடு முழுக்க இருட்டாக இருந்தது.